கண் மூடாத கீரிப்பிள்ளை

வெடியும் தீப்பெட்டியும் அச்சும் சோறு போட்ட ஒரு கரிசல் ஊரில், பள்ளிக்கூடம் திறக்கக் கொஞ்ச நாளே இருந்த கோடையில், ஒரு பிரஸ்ஸின் மடிப்புப் பிரிவில் கால் நீட்டி உட்கார்ந்து தாள் மடித்துக்கொண்டிருந்த வெயிலுகந்தாள்தான் அதை முதலில் பார்த்தாள். தூங்கியிருக்க வேண்டிய கீரிப்பிள்ளை தூங்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

படுக்கப் போகும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவதற்கென்று அச்சான படப் புத்தகம் அது. முதல் பக்கத்தில் கொக்கு ஒற்றைக் காலில் நின்றபடியே கண்ணயரும், அடுத்த பக்கத்தில் ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்ளும், அதற்கடுத்து எருமைக்கன்று தாயின் வயிற்றில் சாய்ந்துகொள்ளும், இப்படி ஒவ்வொன்றாக அடங்கி அடங்கிக் கடைசிப் பக்கத்தில் கீரிப்பிள்ளை வேலியோரத்துப் புல்லில் சுருண்டு, வாலை மூக்கின்மேல் போட்டுக்கொண்டு தூங்கும். வரைந்தவர் அப்படித்தான் வரைந்திருந்தார். அச்சடிக்கும் பிளேட்டிலும் அப்படித்தான் இருந்தது. மிஷின் ஓட்டும் அய்யாத்துரை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிளேட்டைக் குனிந்து பார்த்தார், மூடின கண். தாளைத் தூக்கிப் பார்த்தார், திறந்த கண். மை சிதறியிருக்கும் என்று உருளையைத் துடைத்தார், மையை மாற்றினார், புது பிளேட் போட்டார். அதற்குப் பிறகு வந்த தாள்களில் கீரிப்பிள்ளை எழுந்தே உட்கார்ந்திருந்தது. ஒரு தாளில் காதைச் சொறிந்தது, ஒரு தாளில் பின்னங்காலில் நின்று வேலிக்கு அப்பால் எட்டிப் பார்த்தது, இன்னொன்றில் புல்லை விட்டு இறங்கிப் பக்கத்தின் ஓரத்துக்கே வந்து, இதற்கு மேல் எங்கே போவது என்பதுபோல நின்றது. அது அசைந்ததை யாரும் பார்த்ததில்லை. வேறெங்கோ பார்த்துவிட்டுத் திரும்பினால் இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

முதலாளி ரத்தினக்கனி அண்ணாச்சிக்கு ஒரு கவலைதான் பெரிதாக இருந்தது. படத்துக்குக் கீழே 'கீரிப்பிள்ளையும் தூங்கிப்போச்சு' என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்கும்போது, மேலே அது முழித்துக்கொண்டிருந்தால் எந்தப் பதிப்பகத்தார் வாங்குவார்கள். கண்ணை மட்டும் கறுப்பு மையால் தொட்டு மூடிவிடலாமா என்று கேட்டார். ஒன்றை அப்படிச் செய்து பார்த்தார்கள். மை காய்வதற்குள், அவர்கள் வேறெங்கோ திரும்பின நேரத்தில், கீரிப்பிள்ளை முகத்தைப் புல்லில் தேய்த்துத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கே ஊரில் பிள்ளைகள் தூங்குவதை நிறுத்தின.

வெக்கை என்று முதலில் நினைத்தார்கள். பிறகு பூச்சிக்கடி என்றார்கள், பல் முளைக்கிறது என்றார்கள், பக்கத்து வீட்டுக் கண் என்றார்கள். தொட்டிலில் போட்ட பிள்ளை தொட்டிலுக்குள்ளேயே எழுந்து உட்கார்ந்தது, தோளில் போட்ட பிள்ளை தோளுக்குப் பின்னால் தெருவை வேடிக்கை பார்த்தது, தட்டிக்கொடுத்த கையைப் பிடித்து விரல் விரலாக எண்ணியது. அழுகை இல்லை, காய்ச்சல் இல்லை, அடம்கூட இல்லை. கண் மட்டும் மூடவில்லை. பிள்ளைகள் தூங்காத வீட்டில் பெரியவர்கள் எப்படித் தூங்குவது. சில நாளிலேயே ஊர் முழுக்கச் சிவந்த கண்ணோடு நடமாடியது, டீக்கடையில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டார்கள், பஸ் டிரைவர்கள் வேறு ஊர் ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார்கள், ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்து உறங்கிப்போனான். பட்டாசு ஆலைக்காரர்கள் கூடிப் பேசி வெடிமருந்து அறைகளைப் பூட்டினார்கள். தூக்கம் கெட்ட கையால் மருந்தைத் தொட்டால் என்னாகும் என்று அந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. டாக்டர்களிடம் வரிசை நின்றது. பிள்ளைகளை உட்கார வைத்துப் பார்க்கும்போதே டாக்டர்கள் கொட்டாவி விட்டார்கள், ஏனென்றால் அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தன.

கீரிப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள முடிச்சை அவிழ்த்தது மடிப்புப் பிரிவு சீனியம்மாளின் கோபம். நாலு பிள்ளை பெற்று நாலும் தூங்காத எரிச்சலில் இருந்தவள், ஒரு நாள் காலையில் மடித்த தாளிலிருந்து தன்னை முறைத்த கீரிப்பிள்ளையைப் பார்த்து, "நீயுமா," என்று திட்டி, அதே மூச்சில் தாளைத் தொடையில் போட்டுத் தட்டி, வாய்க்கு வந்த தாலாட்டை முணுமுணுவென்று பாடித் தள்ளினாள். பாட்டு முடிந்தபோது கீரிப்பிள்ளை சுருண்டு வாலை மூக்கின்மேல் போட்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் செல்போன் அடித்தது. கடைக்குட்டி சாணி மெழுகின தரையில் அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டான் என்று வீட்டிலிருந்து கிசுகிசுப்பாகச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்தவள் இன்னொரு தாளை எடுத்துப் பாடினாள். அவள் பிள்ளை தூங்கவில்லை. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருத்தியின் கைக்குழந்தை தூங்கியது. ஒரு புத்தகம் தூங்கினால் எங்கோ ஒரு பிள்ளை தூங்கும், எந்தப் பிள்ளை என்பது நம் கையில் இல்லை, தூங்கிய புத்தகம் அதற்குப் பிறகு கண் திறக்காது. இவ்வளவும் மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஏன் இப்படி என்று கேட்டு நேரத்தைப் போக்க யாருக்கும் தெம்பில்லை.

ஆகவே அந்த ஊர் தனக்குத் தெரிந்த வழியில் வேலையைப் பங்கு போட்டது. தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டவும் பட்டாசுக்குக் குழாய் சுற்றவும் வீடு வீடாக வேலை எடுத்துப் பழகின ஊர் அது. இப்போது வீடு வீடாகக் கீரிப்பிள்ளைகள் போயின. அய்யாத்துரை மிஷினை நிறுத்தாமல் ஓட்டினார், மடிப்புப் பிரிவு மடித்துப் பின் அடித்தது, ஆட்டோவில் பண்டல் பண்டலாக ஏற்றித் தெருத்தெருவாக இறக்கினார்கள். வெயிலில் வெளுத்த வாசல்களில், வேப்ப மரத்தடிகளில், லாட்ஜ் வராந்தாக்களில், பூட்டிக் கிடந்த ஆலைகளின் வாட்ச்மேன் கூண்டுகளில் ஊர் உட்கார்ந்து பாடியது. பாட்டுத் தெரிந்தவர்கள் பாடினார்கள். தெரியாதவர்கள் சினிமாப் பாட்டை மெதுவாக இழுத்துப் பாடினார்கள். ஒரு கண்டக்டர் தன் ரூட்டில் உள்ள ஸ்டாப்பிங் பெயர்களை வரிசையாகத் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போனார், ஊர் எல்லை தாண்டுவதற்குள் கீரிப்பிள்ளை உறங்கிவிடும். கட்சிக்காரர் ஒருவர் கோஷத்தைத் தாலாட்டாக்கினார். சர்ச் தெருவில் ஒரு விதமாகவும் பள்ளிவாசல் தெருவில் இன்னொரு விதமாகவும் பாடினார்கள், இரண்டு தெருவும் சேரும் முக்கில் உட்கார்ந்தவர்கள் இரண்டையும் கலந்து பாடினார்கள். சில கீரிப்பிள்ளைகள் பாட்டுக்கு மசியவில்லை; ஒன்றைத் தையல் மிஷினின் மேல் வைத்து மிதிக்க வேண்டியிருந்தது, ஒன்றை மோட்டார் சைக்கிள் டேங்க்கின் மேல் வைத்து மூன்று தெரு சுற்றிக் காட்ட வேண்டியிருந்தது. என் வீட்டுக்கு வந்ததுதான் ரொம்பப் பொல்லாதது என்று ஒவ்வொருத்தரும் பெருமை பேசினார்கள். காய்கறிக்காரர்கள் வாய்க்குள்ளேயே கூவினார்கள். கோயில் மணிக்குத் துணி சுற்றினார்கள். ஜென்மப் பகையாளிகள் இரண்டு பேர் ஒரே பண்டலை நடுவில் போட்டுக்கொண்டு முறை வைத்துப் பாடியதாகச் சொன்னார்கள். அது பண்டல் தீரும்வரைதான்.

வெயிலுகந்தாளுக்கு மட்டும் பண்டல் வரவில்லை.

வேண்டுமென்று விட்டதில்லை. பிரித்துக் கொடுத்த மேஸ்திரி அவள் முறை வந்தபோது கையில் பண்டலோடு ஒரு கணம் தயங்கி, "உனக்கெதுக்கும்மா இந்தப் பாடு, நீ இங்கயே இருந்து தூங்கினத அடுக்கிக் கட்டு," என்று தன்மையாகத்தான் சொன்னார். அந்தத் தன்மை அவளுக்குப் பழகினதுதான். சங்கரபாண்டிக்குக் கழுத்தை நீட்டி இந்த ஊருக்கு வந்த புதிதில் எல்லாரும் கேட்டார்கள், விசேஷம் உண்டா, விசேஷம் உண்டா என்று. பிறகு கேட்பதை விட்டார்கள். கேட்பதை விட்டது கேட்டதைவிடக் கனமாக இருந்தது. வளைகாப்புக்கு அழைப்பார்கள், வளையல் அடுக்கக் கூப்பிட மாட்டார்கள். தொட்டிலில் போடுகிற வீட்டில் அவளுக்குப் பாயசம் வரும், தொட்டில் கயிறு கைக்கு வராது. சுவரை ஒட்டிய அடுத்த வீட்டுக் கனகமணி கெட்டவள் இல்லை, கறிக்குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுப்பாள். ஆனால் மகள் மிதுனா கைக்குழந்தையாக இருந்தபோது வெயிலுகந்தாள் எதிரே வந்தால் பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றுவாள். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். வெயிலுகந்தாளும் அதைப் பார்க்காததுபோல வாளியை மாற்றிப் பிடித்துக்கொண்டு போவாள்.

தூங்கின புத்தகங்களை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், கட்டிங் மிஷினுக்கு அடியில் வெட்டுத்தாள் குப்பைக்குள் ஒரு புத்தகம் கிடந்ததை அவள் கண்டெடுத்தாள். அட்டை கொஞ்சம் மடங்கியிருந்தது. கடைசிப் பக்கத்தில் கீரிப்பிள்ளை பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு, யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தது. அவள்தான் வந்திருந்தாள். அதைத் தூங்க வைத்துப் பண்டலில் சேர்ப்பதுதான் செய்ய வேண்டியது என்று அவளுக்குத் தெரியும். அவள் அதைச் சோற்றுத் தூக்குக்குப் பக்கத்தில் வயர்கூடையில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடி வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

பாடவில்லை. பாடினால் தூங்கிவிடும், தூங்கினால் அப்புறம் கண் திறக்காது. அடுப்படியில் உப்புச் சாடிக்குச் சாய்த்து வைத்துக்கொண்டு, மிளகாய் கிள்ளுவதையும் அரிசி களைவதையும் அதற்குக் காட்டினாள். ஜன்னலில் வைத்துத் தெருவைக் காட்டினாள். கொடியில் துணி காயப்போட்டுவிட்டுத் திரும்பினால் கீரிப்பிள்ளை பக்கத்தின் இந்த ஓரத்துக்கு வந்து அவள் வந்த திசையைப் பார்த்து நிற்கும். இன்றைக்கு இன்னது நடந்தது, சீனியம்மா இன்னது சொன்னாள், பஸ்ஸில் இன்னார் பேசவில்லை என்று அவள் அதனிடம் சொன்னாள். அத்தனை வருஷமும் அப்படிச் சொல்ல அவளிடம் இவ்வளவு இருந்தது என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. லோடு வண்டி ஓட்டும் சங்கரபாண்டி அதிகம் பேசாதவன். அவன் புத்தகத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். மறுநாள் வண்டியிலிருந்து இறங்கி வந்தபோது ஒரு முறுக்கைப் புத்தகத்துக்கு முன்னால் வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போனான்.

ஊரில் கடைசிப் பண்டலும் உறங்கி முடிந்தது. பிள்ளைகளெல்லாம் தூங்கின, பெரியவர்களும் அவர்களோடு விழுந்து தூங்கினார்கள், கடைகள் திறக்கவில்லை, சேவல்கள்கூடக் காலைகளைத் தவறவிட்டன. தூங்கி எழுந்த ஊர் முகம் கழுவிக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல மருந்து அறைகளைத் திறந்து வேலையைத் தொடங்கியது. ரத்தினக்கனி அண்ணாச்சி லாரியை வரவழைத்தார். ஒரு புத்தகம் குறைகிறது என்றபோது, வெட்டில் சேதமாகியிருக்கும் என்று கையை அசைத்துவிட்டார்.

கனகமணியின் மகள் மிதுனா மட்டும் தூங்கவில்லை.

ஒரு புத்தகம் எங்கோ முழித்திருக்கிறது என்று எல்லாருக்கும் புரிந்தது. அண்ணாச்சி லாரியை நிறுத்தி வைத்தார். பீரோவுக்கு அடியில், பரணில், ஆட்டோ சீட்டுக்குக் கீழே என்று தேடினார்கள். ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாகச் சொன்னார்கள், யார் வீட்டில் இருந்தாலும் பிரஸ்ஸில் கொடுங்கள், அல்லது நீங்களே பாடி முடியுங்கள், யாரும் எதுவும் கேட்க மாட்டோம் என்று. அந்த வண்டி தன் வாசலைக் கடந்து போனபோது வெயிலுகந்தாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், தண்டையும் இலையையும் மாற்றி மாற்றிப் போட்டாள். கனகமணி பிள்ளையை மதுரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள், கொண்டுவந்தாள், மறுபடி தூக்கிப் போனாள். எடை குறைகிறது என்று சொன்னார்களாம். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பாடுவது கேட்கும், பாட்டு நடுவில் உடைவது கேட்கும், பிறகு சின்னக் காலடிகள் அறையைச் சுற்றிச் சுற்றி நடப்பது கேட்கும். வெயிலுகந்தாளுக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பெருக்கின வீட்டையே பெருக்கினாள். குழாயடிக்குப் போய்க் குடம் நிறையுமுன்னே திரும்பினாள். நாளைக்குப் பாடிவிடலாம் என்று காலையில் நினைப்பாள், நாளைக்கு என்று சாயங்காலமும் நினைப்பாள். ஊரில் எல்லாருக்கும் தூங்குகிற பிள்ளை இருக்கிறது, எனக்கு இருப்பது முழித்திருக்கிற ஒன்று, அதையும் ஏன் கேட்கிறார்கள் என்று அவளுக்கு ஆத்திரமாக வரும். தூங்காத பிள்ளை கனகமணியின் பிள்ளையாகப் போனதில் தனக்கு ஓர் ஓரத்தில் கசப்பான ஒரு நிறைவு இருக்கிறதா என்று தன்னைக் கேட்டுக்கொண்டாள். கொஞ்சம் இருந்தது. அதற்குப் பிறகு அவளுக்குச் சோறும் இறங்கவில்லை.

அப்படி ஒரு மத்தியானத்தில், காம்பவுண்டு வீடுகளெல்லாம் உண்ட மயக்கத்தில் உறங்கிக் கிடக்க, கனகமணியும் அலைச்சலில் சுவரோடு சாய்ந்து கண்ணயர்ந்துவிட, மிதுனா தனியாக நடந்து வெயிலுகந்தாளின் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள். நிலையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். கண்கள் முகத்தைவிடப் பெரிதாக இருந்தன. உள்ளே பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள், புத்தகத்திலிருந்து கீரிப்பிள்ளையும் அவளைப் பார்த்தது.

"இதுவும் தூங்கலயா?" என்று கேட்டாள்.

இல்லை என்று வெயிலுகந்தாள் தலையாட்டினாள். பிள்ளை வந்து, கேட்காமல், கூச்சப்படாமல், அவள் மடியில் உட்கார்ந்துகொண்டது. வெயிலுகந்தாள் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் சற்று நேரம் காற்றில் வைத்திருந்தாள். பிறகு ஒன்றைப் பிள்ளையின் வயிற்றைச் சுற்றி வைத்தாள். பவுடர் வாசனையும் வேர்வை வாசனையும் எண்ணெய் வாசனையும் கலந்த உச்சந்தலை அவள் தாடைக்குக் கீழே இருந்தது. மூன்று பேரும் முழித்துக்கொண்டு அந்த மத்தியானத்தைக் கழித்தார்கள். கனகமணி எழும் அரவம் கேட்டதும் பிள்ளையை வாசல்வரை கொண்டுவிட்டாள்.

மறுநாளும் பிள்ளை வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. வெயிலுகந்தாள் பிரஸ்ஸுக்கு லீவு சொல்லிவிட்டாள். பொரிகடலை வாங்கி வைத்தாள். வெட்டுத்தாளில் காகமும் கப்பலும் மடித்துக் கொடுத்தாள். தன் வாழ்நாளில் இத்தனை சந்தோஷமாகவும் இத்தனை பயமாகவும் அவள் இருந்ததில்லை. பிள்ளை வர நேரமானால் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பாள், வந்தபிறகு அதன் கால் பின்னுவதைப் பார்த்த பயத்திலும் அப்படியே நடப்பாள். பிள்ளை கொறித்ததைப் பாதியில் மறந்தது. கப்பலைக் காகம் என்றது. பேசிக்கொண்டிருக்கும்போதே கண் திறந்தபடி எங்கோ போய்விட்டுத் திரும்பி வந்தது.

ஒரு நாள் அவள் மடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, அவள் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தது. "எனக்குத் தூக்கம் வருது," என்று சொன்னது. "ஆனா வர மாட்டேங்குது." சொல்லிவிட்டு, "அம்மா, விளக்க அணை," என்றது. வெளியே வெள்ளையாக வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அந்த வார்த்தைக்காக எத்தனையோ கோயிலில் அடிப்பிரதட்சிணம் செய்தவள் வெயிலுகந்தாள். அது இப்போது, இப்படி, ஆள் தெரியாத கண்ணோடு, பகல் இருட்டு தெரியாத கண்ணோடு வந்து விழுந்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் கனகமணி நின்றிருந்தாள்.

எவ்வளவு நேரமாக நின்றாளோ. மகளைப் பார்த்தாள், தரையில் விரித்துக் கிடந்த புத்தகத்தைப் பார்த்தாள், பின்னங்காலில் நின்ற கீரிப்பிள்ளையைப் பார்த்தாள். கத்துவாள், ஆள் கூட்டுவாள், தலைமுடியைப் பிடிப்பாள் என்று வெயிலுகந்தாள் காத்திருந்தாள், அப்படிச் செய்தால் தேவலை என்றுகூட இருந்தது. கனகமணி அப்படி எதுவும் செய்யத் தெம்பில்லாதவளாக உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் இழுத்துப் போட்டுப் பாடத் தொடங்கினாள். நல்ல குரல் அவளுக்கு. முதல் அடி முடிந்து குனிந்து பார்த்தபோதே கீரிப்பிள்ளை அவளுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தது. இன்னொரு பாட்டுப் பாடிவிட்டுக் குனிந்தாள், அது பக்கத்தின் மறு ஓரத்துக்குப் போய் வெயிலுகந்தாள் இருந்த திசையைப் பார்த்து நின்றிருந்தது. கனகமணி நிறுத்தினாள். புத்தகத்தைத் தூக்கி வெயிலுகந்தாளின் முன்னால் வைத்தாள்.

"நீங்க பாடுங்க மதினி."

"எனக்குப் பாட்டுத் தெரியாது கனகம். யாருக்குப் பாடியிருக்கேன் நான்?"

"தெரிஞ்சதப் பாடுங்க."

"தூங்கிட்டா அப்புறம் எந்திரிக்காது," என்றாள் வெயிலுகந்தாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "அப்புறம் எனக்கு எதுவுமில்ல."

கனகமணி பிள்ளையைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. மகளின் பாதம் ஒன்றைத் தன் கையில் எடுத்துப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள், தோள் குலுங்கியது.

வெயிலுகந்தாள் கீரிப்பிள்ளையைப் பார்த்தாள். அதுவும் பார்த்தது. அதற்கும் கண் சிவந்திருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள், அல்லது கவனித்தும் கவனிக்காமல் இருந்ததை அப்போதுதான் விட்டாள். எத்தனை நாளாக அதுவும் நிற்கிறது, அவள் வருவாள் வருவாள் என்று பின்னங்காலில் நின்றே. அவள் பிள்ளையை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு, ஒரு கையால் பிள்ளையையும் ஒரு கையால் பக்கத்தையும் தட்டினாள். தாலாட்டு வரவில்லை. வாழ்நாளெல்லாம் கை செய்த வேலைதான் வாய்க்கு வந்தது.

தாளு மடிச்சேன், தாளுக்குள்ள வயலு மடிச்சேன்,
வயலு மடிச்சேன், வயலோரம் வேலி மடிச்சேன்,
வேலி மடிச்சேன், வேலியோரம் வெயிலு மடிச்சேன்,
வெயிலு மடிச்ச கையாலதான் உன் கண்ணு மடிச்சேன்.

கீரிப்பிள்ளை முன்னங்காலைத் தரையில் ஊன்றியது. அவள் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆகவே அது அசைந்ததைப் பார்த்த ஒரே ஆள் அந்த ஊரில் அவள்தான். பாட்டு நின்றால் தலையைத் தூக்கியது, தொடர்ந்தால் தாழ்த்தியது. அவள் மடித்துக்கொண்டே போனாள். தெருவை மடித்தாள், தெருவிலிருந்த புளிய மரத்தை மடித்தாள், பஸ் ஸ்டாண்டையும் தண்ணீர்த் தொட்டியையும் ரயில்வே கேட்டையும் மடித்தாள், ஆலைகளையும் ஆலைச் சங்கையும் மடித்தாள், தன்னைக் கேட்டவர்களையும் கேட்பதை விட்டவர்களையும் மடித்தாள், அடுத்த வீட்டுச் சுவரை மடித்தாள். கண்ணீர் பக்கத்தில் விழுந்துவிடாமல் முகத்தைச் சாய்த்துக்கொண்டு பாடினாள். கீரிப்பிள்ளை புல்லுக்கு நடந்தது, ஒரு முறை சுற்றியது, இன்னொரு முறை சுற்றியது, படுத்தது. வாலை எடுத்து மூக்கின்மேல் போட்டுக்கொண்டது. ஒரு கண் மூடியது. மற்றக் கண் அவளைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தது. அவள் கடைசி அடியை இன்னும் மெதுவாகச் சொன்னாள். அதுவும் மூடியது.

மடியில் பிள்ளை கனத்தது. இத்தனை நாளும் இறகுபோல உட்கார்ந்திருந்த பிள்ளை, தூங்கினவுடன் இவ்வளவு கனக்கும் என்று வெயிலுகந்தாளுக்கு யாரும் சொன்னதில்லை. வாய் லேசாகத் திறந்து மூச்சுச் சீராக வந்தது. கனகமணி கையை நீட்டினாள், மகளின் கன்னத்தைத் தொட்டாள், தூக்கிக்கொள்ளப் போகிறாள் என்று வெயிலுகந்தாள் பிடியைத் தளர்த்தினாள். கனகமணியின் கை அங்கேயே நின்றது.

"வேண்டாம் மதினி," என்றாள். "முழிச்சிரும். எந்திரிக்கும்போது எந்திரிக்கட்டும்."

சொல்லிவிட்டு, இருந்த இடத்திலேயே சரிந்து, கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, பாதத்தைப் பிடித்த கையை விடாமலே அவளும் தூங்கிப்போனாள்.

வெயிலுகந்தாள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கால் மரத்துப்போனது. ஈ ஒன்று வந்து பிள்ளையின் நெற்றியில் உட்காரப் பார்த்தது, ஊதி விரட்டினாள். பக்கத்தில் புத்தகம் விரித்தபடியே கிடந்தது, கீரிப்பிள்ளையின் விலா ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். இல்லை, அச்சடித்த படம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அழுதால் மடி குலுங்கும் என்று அடக்கிக்கொண்டாள்.

வெயில் சாயும் நேரத்தில் சங்கரபாண்டி லோடு இறக்கிவிட்டு வந்தான். செருப்பைக் கழற்றிப் போட்ட சத்தத்தில் அவள் நிமிர்ந்து, அந்த வீட்டில் அதுவரை சொல்ல நேராத ஒன்றைச் சொன்னாள்.

"சத்தம் போடாதீங்க. பிள்ள தூங்குது."

அவன் வாசலிலேயே நின்று உள்ளே பார்த்தான். மடியில் இருந்ததைப் பார்த்தான், தரையில் இருந்ததையும் பார்த்தான். எந்தப் பிள்ளை என்று கேட்கவில்லை. செல்போனை எடுத்து அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தெருவில் யாரும் ஹாரன் அடித்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வெளிப்படியில் போய் உட்கார்ந்தான்.